வாசகர் வட்டக் கூட்டத்துக்கு ஆள் வரல. சின்ன ஊர் நூலகத்துல என்னதான் நடத்தலாம்?

எதிர்க்கடை_தையல்

வணக்கம். டெல்டாப் பக்கம் ஒரு பேரூராட்சி எங்க ஊர். பேர் வேண்டாம், சொல்லப்போறதுல பாதி ஊர்க்காரங்களப் பத்தின பொல்லாப்பு.

கிளை நூலகத்துக்கு நேர் எதிர்ல எனக்குத் தையல் கடை. பன்னெண்டு வருஷமா அங்கதான் இருக்கேன். நூலகம் பூட்டியிருந்தா "எப்பம்மா திறப்பாங்க"ன்னு என்கிட்டதான் வந்து கேப்பாங்க. வெள்ளிக்கிழமை லீவுன்னு எத்தனை தடவை சொன்னாலும் வெள்ளிக்கிழமைதான் வருவாங்க. இந்தப் பாவத்துக்கு நூலகர் போன வருஷம் என்னைய வாசகர் வட்டச் செயலாளரா போட்டுட்டார். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷர்தான், மேடை இல்லாம ஒரு விஷயம் நடக்கும்னு மட்டும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

போன நவம்பர்ல நூலக வார விழா நடத்துனோம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. செலவு நோட்டுல இருக்கறபடி: ஃபிளெக்ஸ் 900, சேர் வாடகை 50க்கு 400, மைக்செட் 1500, பொன்னாடை ஆறு 720, சுண்டல் டீ 700. மொத்தம் 4220. பேச்சாளர் கும்பகோணத்துலேர்ந்து வந்தார். வாசிப்போட பெருமைய ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார். வெளியில மழை ஊத்துது. கையெழுத்து நோட்டுல பதினொரு பேர். அதுல ஒருத்தர் மைக்செட்காரர், மூணு பேர் பேச்சாளரோட வந்தவங்க, ஒருத்தர் பேப்பர் படிக்க வந்து மழையில மாட்டிக்கிட்டவர். மிச்சம் ஆறு பேரும் ஏற்கெனவே படிக்கறவங்க. இவங்ககிட்டப் போய் படிங்க படிங்கன்னா என்ன அர்த்தம்?

சுண்டல் ஒரு அண்டா மிச்சம். மழை விட்டதும் பக்கத்துத் தெரு டியூஷன் பிள்ளைங்க அந்த வழியா வந்துச்சுங்க. கூப்பிட்டுக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூணு பேர். வாசல்லயே நின்னு தின்னுட்டு இலையப் போட்டுட்டுப் போயிடுச்சுங்க. ஒருத்தன் மட்டும் உள்ள தலைய நீட்டி "அக்கா இது யாரு வீடு?"ன்னு கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் குத்துது. பொறந்ததுலேர்ந்து இதே ஊரு அவன்.

இப்ப கையிருப்பு 3600. அடுத்த விழாவுக்குத் தலைவர் மெட்ராஸ்லேர்ந்து பெரிய பேச்சாளர் வேணுங்கறார். எனக்கு மனசு ஒப்பல.

உங்க ஊர்ல, நம்ம மாதிரி சின்ன நூலகத்துல, ஆளுங்க தானா வந்த நிகழ்ச்சி எதையாவது பார்த்திருக்கீங்களா? எங்க இடம் ஒரே ஹால், நாலு மேசை, ரெண்டு ஃபேன், அதுல ஒண்ணு ஓடாது. புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டுன்னு ஆரம்பிக்காதீங்க, கும்பிடறேன்.

டிகிரி_காபி

பட்டிமன்றம் வைங்க மேடம். கூட்டம் தானா கூடும்.

எதிர்க்கடை_தையல்

நடுவர் கார் வாடகைக்கே எங்க கையிருப்பு பத்தாதுங்க.

குரூப்4_எட்டாவதுமுறை

அக்கா, நான் பெரம்பலூர் பக்கம். நூலகத்துல குடியிருக்கறவன்னு வச்சுக்கங்க. நாங்க ஏழு பேரு, திறக்கறதுக்கு முன்னாடியே வாசப்படியில உக்காந்திருப்போம்.

எங்க தரப்ப ஒரு வாட்டி கேளுங்க. நூலகத்துல விழான்னா எங்களுக்கு வயித்தெரிச்சல். மேசைய ஓரம் தள்ளிடுவாங்க. மைக்க "ஹலோ ஹலோ"ம்பாங்க. நாங்க சாக்குப்பைய எடுத்துக்கிட்டு டீக்கடைக்குப் போயிடணும். அப்புறம் மேடையில ஒருத்தர் "இன்றைய இளைஞர்கள் நூலகம் பக்கமே வருவதில்லை"ம்பார். அண்ணே, நீங்க உக்காந்திருக்கற சேரு என்னோடதுண்ணே!

எங்க ஊர்ல நல்லா ஓடுன ஒண்ணச் சொல்றேன். எங்க கூடப் படிச்ச அண்ணன் ஒருத்தர் குரூப் 4 பாஸ் பண்ணி வி.ஏ.ஓ. ஆனார். நூலகர் அவரக் கூப்பிட்டு, மேடை, மாலை எதுவும் இல்லாம எங்க மேசையிலயே உக்கார வச்சார். அவர் கையோட பழைய நோட்டெல்லாம் கொண்டு வந்தார். மொத்தம் 200 கேள்வி, அதுல 100 தமிழ், அந்த நூறுல எங்க மார்க் வழுக்கிட்டுப் போகுதுன்னு ரெண்டு மணி நேரம் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டினார். பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் பஸ் பிடிச்சு வந்தாங்க. உக்கார இடமில்லாம ஜன்னல் வெளியில நின்னு எழுதினவன் உண்டு.

அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாங்களே மாதிரித் தேர்வு வைக்கறோம். கேள்வித்தாள் ஜெராக்ஸ் செலவு ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டுக்குவோம். திருத்தறது மாத்தி மாத்தி. என் தாளத் திருத்தறது ஒரு பொண்ணு, அரை மார்க் தயவு கிடையாது.

உங்க ஊர்லயும் எங்கள மாதிரி நாலு பேர் மூலையில உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட முதல்ல கேளுங்க. சுண்டல் மட்டும் எங்களுக்கும் எடுத்து வைங்க.

(பேரப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். ஒன்பதாவது தடவை போட்டாச்சு.)

ஓய்வு_நூலகன்

தங்கச்சி, உங்க செலவுக் கணக்கப் படிச்சதும் சிரிப்பு வந்தது. பொன்னாடை ஆறு வாங்கியிருக்கீங்க, சிறுவர் புத்தகம் ஒண்ணு வாங்கல. தப்பா எடுத்துக்காதீங்க, நானும் இத இருபது வருஷம் செஞ்சவன்தான்.

31 வருஷம் நூலகத்துறையில இருந்தேன். ஊர்ப்புற நூலகத்துல தொடங்கி, கிளை நூலகம், கடைசியில முழுநேரக் கிளை நூலகம். எல்லாம் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆச்சு, இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது, அதனால உள்ளதச் சொல்றேன்.

முதல்ல தேதி. நூலக வாரம் நவம்பர் 14லேர்ந்து 20 வரைக்கும், நாடு முழுக்க. அது டெல்டாவப் பார்த்துக் குறிச்ச தேதி இல்ல. உங்க ஊர்ல அப்ப வடகிழக்குப் பருவமழை, சம்பா வயல்ல களை. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எந்த விவசாயி வருவான்? அந்த வாரத்துல மாவட்ட அலுவலகத்துக்கு வேண்டியது நிகழ்ச்சி அறிக்கையும் நாலு போட்டோவும். அதுக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு வகுப்ப நடத்திக் கூட்டிட்டு வந்து, புத்தகத்தக் கையில கொடுத்து, உறுப்பினர் அட்டை போட்டு அனுப்பினா முடிஞ்சது. தலைவர் ரெண்டு வார்த்தை பேசட்டும், அவருக்கும் ஆசை இருக்கும்லா. ஊருக்கான நிகழ்ச்சிய வேற மாசத்துல, வேற நாள்ல வைங்க. அறிக்கைக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு. ரெண்டையும் போட்டுக் குழப்பினதுதான் நான் இருபது வருஷம் செஞ்ச தப்பு.

ரெண்டாவது, வருகைப் பதிவேட்ட எடுத்து ஒரு மாசத்துக்குப் புரட்டுங்க. யார் எந்த நேரத்துல வாராங்கன்னு அதுலயே இருக்கும். வராதவன வரவைக்கறது கஷ்டம். வந்தவன் பக்கத்துல இன்னொருத்தன உக்கார வைக்கறது லேசு. மேல தம்பி எழுதியிருக்கான் பாருங்க, அவன் நூலகர் அதத்தான் செஞ்சிருக்கார்.

இனி நான் பார்த்தது.

தென்காசிப் பக்கம் பீடி சுத்துற ஊர் ஒண்ணுல இருந்தேன். வீட்டுக்கு வீடு பொம்பளைகள் மடியில சுளகு, அதான் முறம், இருக்கும். நூலகத்துக்கு ஒரு பெண் வாசகர் வரமாட்டாங்க. மகளிர் தினத்துக்கு நானும் ஃபிளெக்ஸ் போட்டுப் பார்த்தேன், யார் வருவா? ஒரு நாள் சுத்தாட்டா அன்னிக்குக் கூலி போச்சு. ஆனா பத்தாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி வாரத்துக்கு மூணு குடும்ப நாவல் எடுத்துட்டுப் போவா. பரீட்சை நேரத்துலயும் நிறுத்தல. ஒரு நாள் கண்டிக்கலாம்னு கூப்பிட்டேன். "எப்ப பாடம் படிக்கே, எப்ப இதப் படிக்கே?"

"நான் எங்க சார் படிக்கேன்? வாசிச்சுக் காட்டுதேன். அம்மா, சித்தி, எதுத்த வீட்டு ஆச்சி, எல்லாரும் இலை வெட்டிக்கிட்டே கேப்பாக."

அன்னிக்கு மத்தியானம் பூட்டிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். திண்ணையில எட்டு பேர். ஈரச் சாக்குல இலை, கத்திரி சத்தம், தூள் நெடி. பிள்ளை தூண்ல சாஞ்சு வாசிக்கா. கதாநாயகி வீட்ட விட்டுக் கிளம்புற இடம். ஒருத்தர் கையும் அசையல. ஆச்சி மட்டும் ஒரு அதட்டு போட்டுச்சு: "ஏட்டி, அந்த அழுகையச் சீக்கிரம் முடி, கட்டு குறையுது." சோகக் கதைன்னா பீடி குறையுமாம், மாமியார் மருமக சண்டைன்னா கை பறக்குமாம். அதனால எனக்கு ஆர்டர் வந்தது, "சண்டை உள்ள புக்கா பாத்துக் குடுங்க சார்."

மலையாளத்துல, கண்ணூர்ப் பக்கம், பீடிக் கம்பெனித் தொழிலாளிகள் தங்களுக்குள்ள ஒருத்தர பேப்பர் வாசிக்க வச்சு, அவர் பங்கு பீடிய மத்தவங்க சுத்திக் கொடுப்பாங்க. அது எனக்குக் கேள்விப்பட்ட விஷயந்தான். ஆனா என் சரகத்துலயே பேர் இல்லாம அது நடந்துட்டிருந்தது, எனக்குத் தெரியல. நான் ஃபிளெக்ஸ் அடிச்சிட்டிருந்தேன்.

அப்புறம் செஞ்சது ரொம்பக் கொஞ்சம். அம்மா, சித்தி, ஆச்சி பேர்லயும் உறுப்பினர் அட்டை போட்டேன், அப்பதான் கூடுதல் புத்தகம் போகும். புதன்கிழமை மத்தியானம் நானே ஒரு பை புத்தகத்தோட அந்தத் தெருவுக்குப் போவேன். கதைக்கு நடுவுல பத்து நிமிஷம் பேப்பர். பீடித் தொழிலாளர் நல நிதி, பிள்ளைகளுக்கான உதவித்தொகை, கடைசித் தேதி, இதெல்லாம் பேப்பர்லதானே வருது, அவங்களுக்கு யார் சொல்லுவா? மேலிடத்துல அறிக்கையப் பார்த்துட்டு "நிகழ்ச்சி சரி, பேனர் எங்க?"ன்னாங்க. சுளகு போட்டோதான் இருக்குன்னேன்.

உங்க பக்கத்து மன்னார்குடியிலயே, மேலவாசல்ல, 1931ல மாட்டு வண்டியில புத்தகத்த ஏத்தி ஊர் ஊராப் போயிருக்காங்க. நூலகத்துக்கு ஐந்து விதி எழுதின அரங்கநாதனும் உங்க சீர்காழிக்காரர்தான், அந்தப் புத்தகம் வந்ததும் அதே 1931. டெல்டாவுல இருந்துக்கிட்டு மெட்ராஸ்லேர்ந்து ஆள் தேடுறீங்க. இப்ப நூலக நண்பர்கள்னு அரசுத் திட்டமே இருக்கு, தன்னார்வலர் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். உங்க தையல் கடைக்கு வாரவங்க பேர எழுதிப் பாருங்க, வாசகர் பட்டியல் அங்க கிடக்கும்.

என் சர்வீஸ்லயே பெரிய கூட்டம் எதுக்குக் கூடுச்சு தெரியுமா? கவியரங்கத்துக்கு இல்ல, பட்டாவுக்கு. ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருத்தர் தினமும் பேப்பர் படிக்க வருவார். அவர்கிட்ட யாராவது பத்திரத்த நீட்டி சந்தேகம் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. மத்த வாசகர்களுக்குத் தொந்தரவுன்னு ஒரு நாள் கோவத்துல, "சார், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மொத்தமா சொல்லிடுங்க"ன்னேன். பட்டா எப்படிப் பாக்கறது, சிட்டா என்ன, புல எண்ணுல உட்பிரிவு எப்படி விழுது, வில்லங்கச் சான்றுல எத்தனை வருஷம் பாக்கணும். சந்தை நாள் வேற. அறுபது பேருக்கு மேல. செருப்பு வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் கிடந்தது. அன்னிக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் அதுக்கு முன்னாடி நூலகப் படி ஏறினதில்ல. "உள்ள வரலாமா, காசு உண்டா"ன்னு கேட்டாங்க.

இந்தக் கேள்விக்கு எங்கிட்ட ஒரே பதில். வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒண்ணு இருக்கும். சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா. 1948ல வந்த நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவுலயே நம்ம மாகாணத்துலதான் முதல்ல வந்தது, அதுலேர்ந்து வர்ற ஏற்பாடு. காச நீங்க ஏற்கெனவே கொடுத்தாச்சு, உள்ள வந்து வசூல் பண்ணுங்கய்யான்னு சொல்லுவேன்.

பிள்ளைகள் விஷயம் இருக்கே, அதுலதான் நான் ரொம்ப அடிபட்டேன். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, முதல் பரிசு, ரெண்டாம் பரிசுன்னு வைப்போம். எந்த வருஷமும் அதே மூணு பிள்ளைகள்தான் வாங்கும், மத்தது அடுத்த தடவை வராது. பிறகு போட்டிய விட்டுட்டுப் பாயை விரிச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலரை. நான் ஒரு கதைய வாய்விட்டு வாசிப்பேன், அரை மணிதான். கேள்வி கேக்கமாட்டேன், நீதி என்னன்னு கேக்கவே மாட்டேன். அதுல ஒரு பையன் மேசைக்கடியில படுத்துக்கிட்டுதான் கேப்பான். விட்டுட்டேன். அஞ்சு வாரம் அப்படி. ஆறாவது வாரம் நான் ஒரு பக்கத்தத் தாண்டிட்டேன் போல, அடியிலேர்ந்து குரல் வருது: "சார், அந்த நாய் இன்னும் ஆத்தத் தாண்டல." அவனுக்குத் தானாப் படிக்க வராது, நாலாம் வகுப்பு. இப்ப பள்ளிக்கூடத்துல வாசிப்பு இயக்கத்துக்குன்னு நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா சின்னச் சின்னப் புத்தகம் கொடுத்திருக்காங்களே, அந்த மாதிரி அப்ப இருந்திருந்தா அவன் கையில கொடுத்திருப்பேன். என்கிட்ட இருந்ததெல்லாம் பொடி எழுத்துல தடிப் புத்தகம்.

ஒரு எச்சரிக்கை. எது தொடங்கினாலும் அதே கிழமை, அதே நேரம். ரெண்டு பேர் வந்தாலும் நடத்துங்க. ஒரு வாரம் "இன்று இல்லை"ன்னு அட்டை தொங்கினா ஊர் அதத்தான் ஞாபகம் வச்சுக்கும். புரவலர் பணம் 1000 வாங்கினா நூலகர்கிட்ட ரசீது போட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டிடுங்க. அது வேற, உங்க வட்டத்துச் சுண்டல் கணக்கு வேற. ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதாதீங்க. இதுல மாட்டினவங்கள எனக்குத் தெரியும்.

வடமராட்சிப்_பொடியன்

அக்கா, நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். உங்கட அந்தப் பதினொரு கையெழுத்தப் பார்க்க எங்கட ஊர் ஞாபகம் வந்திட்டுது.

இஞ்ச நூலகம் பிரதேச சபையின்ர. அதோட ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கு, காலமை பேப்பர் பார்க்கிறவையள் அங்கதான். ஒக்டோபர் எங்களுக்குத் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதம் முழுக்கப் போட்டி, பரிசளிப்பு, விருந்தினர் உரை எண்டு ஒரே அமளி. நவம்பர் பிறந்தா ஒரு காக்கா குருவி இல்லை.

ஒரு வருசம் நூலகர் அக்கா வேற மாதிரிச் செய்தவ. "வீட்டில கிடக்கிற பழைய கல்வெட்டு, கோயில் மலர், பள்ளிக்கூட மலர் எல்லாம் கொண்டு வாங்கோ, பார்த்திட்டுத் திருப்பித் தருவம்" எண்டு நோட்டீஸ் ஒட்டினவ. உங்கட பக்கம் கல்வெட்டு எண்டா கல்லில வெட்டினது. எங்களுக்கு, செத்தவீட்டுக்குப் பிறகு 31ஆம் நாள் அச்சடிச்சுக் குடுக்கிற சின்னப் புத்தகம். தேவாரம், செத்தவற்ர சீவிய சரித்திரம், பேரன் பூட்டன் வரைக்கும் வம்சாவளி எல்லாம் அதில இருக்கும். எறியவும் மனம் வராது, வச்சிருக்கவும் இடமில்லை, எல்லா வீட்டிலயும் பரண்ல ஒரு கட்டு கிடக்கும். இடப்பெயர்வில அதையும் துலைச்ச சனம் கனபேர்.

பத்துப் பேர் வருவினம் எண்டு நினைச்சம். ஆச்சிமார் சீலைத் தலைப்பில சுத்திக் கொண்டந்திச்சினம். மேசையில பரப்பி வைக்க, ஒருத்தற்ர கல்வெட்டில மற்றவற்ர அம்மம்மாவின்ர பேர் வருது. "இவர் எங்கட பெரியப்பா எல்லே!" எண்டு ஒரு கிழவி கத்தினா. அவவின்ர வீட்டில அந்தப் படம் இல்லை, எல்லாம் துலைஞ்சது. போனில படம் எடுத்துக் குடுத்தம். பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டேலாமப் போச்சு, ஒருத்தரும் எழும்புகினமில்லை.

பிறகு கொஞ்சத்தை ஸ்கேன் பண்ணினம். 2005இல தொடங்கின நூலகம் எண்ட இணையத்தளத்தில இப்பிடியான மலருகள், கல்வெட்டுகள் எல்லாம் சேர்த்து வைச்சிருக்கினம், ஆரும் வாசிக்கலாம். அதைக் காட்டினாப் பிறகுதான் சனம் நம்பிக் குடுத்தது.

1981இல எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச கதை உங்களுக்குத் தெரியும். அதனால இஞ்ச பழைய தாள் எண்டா சனத்துக்கு ஒரு பதைப்பு. உங்கட ஊரில சனம் எதைப் பரண்ல வச்சிருக்கினம் எண்டு பாருங்கோ. கலியாணப் பத்திரிகையா, வாழ்த்து மடலா, ஏதோ ஒண்டு இருக்கும்.

டிகிரி_காபி

நான் பட்டிமன்றத்த வாபஸ் வாங்கிக்கறேன்.

எதிர்க்கடை_தையல்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு மாசம் ஆச்சு, நடந்தத எழுதறேன்.

வருகைப் பதிவேட்டப் புரட்டினேன் ஐயா. வியாழக்கிழமைதான் கையெழுத்து அதிகம். யோசிச்சா, எங்க ஊர்ச் சந்தை அன்னிக்குத்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்க ஃபேனுக்காக உள்ள வந்து பேப்பரப் பிரிக்கறாங்க. ஓடுற அந்த ஒரு ஃபேனுக்குக் கீழதான் எல்லாரும்.

எங்க ஊர்லயும் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருத்தர் இருக்கார், அவர் வீட்டம்மா ஜாக்கெட் தைக்க என்கிட்டதான் வருவாங்க. ஜாக்கெட்டக் கொடுக்கறப்ப விஷயத்தச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே மனுஷன் கடைக்கு வந்துட்டார். நாலஞ்சு வருஷமா யாரும் அவர்கிட்ட எதுவும் கேக்கல போல.

ஃபிளெக்ஸ் கிடையாது. சந்தையில காய்க்கடைக்காரங்ககிட்ட வாயால சொன்னேன். பழைய காலண்டர் அட்டைக்குப் பின்னாடி "வியாழன் மாலை 5, பட்டா படிப்பது எப்படி"ன்னு எழுதிக் கடை வாசல்ல தொங்கவிட்டேன். முதல் வாரம் எட்டு பேர். ரெண்டாவது வாரம் பத்தொன்பது. இவங்கள்ல ஹெட்மாஸ்டர் சேத்தி இல்ல, அவர் மூணாவது வாரந்தான் வந்தார், அதுவும் தன் பட்டாவத் தூக்கிக்கிட்டு.

ரெண்டாவது வாரம் நடந்ததச் சொல்லியே ஆகணும். ஒரு தாத்தா பட்டாவ நீட்டினார். பரப்புன்னு போட்ட இடத்துல 0 - 27.50ன்னு இருக்கு. "எங்கப்பா ரெண்டு மான்னுதான் சொல்லிட்டுப் போனாரு. இதுல சைபர்னு போட்டுருக்கானுவளே, நெலம் போயிடுச்சா?" அந்த சைபரப் பார்த்துப் பார்த்து மூணு வருஷமா மனுஷன் யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கார். சர்வேயர் சார், "அது ஹெக்டேர் பெரியவரே, இது ஏர்"ங்கறார். தாத்தாவுக்கு ஏர்னா உழற ஏருதான். "இருபத்தேழு ஏரு வச்சு உழுவ நான் என்ன ஜமீனா?"

எனக்குப் பொறுக்கல. நான் அளவெடுத்தே பொழைக்கறவ. நூலகத்துல போர்டு கிடையாது, கைப்பையில தையல் சாக்பீஸ் இருந்துச்சு. மேசையிலயே எழுதினேன். குழின்னா பன்னெண்டு அடிக்குப் பன்னெண்டு அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. அதாவது 33 சென்ட், மூணு மா சேந்தா ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஏர்னா பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், 1076 சதுர அடி. 144ஆல வகுத்தா ஏழரைக் குழிக்குத் துளி கம்மி. "தாத்தா, ஒரு ஏர் ஏழரைக் குழி"ன்னேன்.

"ஏழரையா? அதான் புடிச்சு ஆட்டுதா!"

மொத்த ஹாலும் சிரிச்சுது. குரூப் 4 தம்பிங்க எங்க ஊர்லயும் மூணு பேர் இருக்காங்க, அவங்கதான் அடுத்ததப் பெருக்கிச் சொன்னாங்க: 27.50 ஏர்னா இருநூத்தி ஆறு குழி சுமார். ரெண்டு மா, ஆறு குழி. தாத்தா விரல்ல எண்ணிப் பார்த்துட்டு, "ஆறு குழி கூட வருதே, பக்கத்து வயக்காரன்கிட்டச் சொல்லிடாதீங்க"ன்னார். பக்கத்து வயக்காரர் பின்வரிசையில உக்காந்திருந்தார்.

அதுக்கப்புறம் பொம்பளைங்க நாலு பேர், சந்தைக்கு வந்தவங்க, தங்களுக்குப் படிக்கவே தெரியாத பட்டாவ அடுத்த வாரம் கொண்டு வரலாமான்னு என்கிட்டத் தனியா கேட்டாங்க. கூட யாரும் இல்லாதப்ப பாக்கணுமாம். நாலரைக்கே வரச் சொல்லியிருக்கேன், சர்வேயர் சார் சரின்னுட்டார்.

டியூஷன் பிள்ளைங்க விஷயத்துல இன்னும் தேறல. சனிக்கிழமை பாய் விரிச்சேன். முதல் வாரம் ஆறு, அடுத்த வாரம் ரெண்டு. சுண்டல் உண்டான்னு கேட்டுட்டுப் போயிடுதுங்க. "இது யாரு வீடு"ன்னு கேட்டவன் வந்தான், ஒரு பக்கம் கேட்டான், போயிட்டான். எனக்கு வாசிக்கவும் கூச்சமா இருக்கு, குரல் மிஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பழகுன குரல். விடப்போறதில்ல, ரெண்டு பேர் வந்தாலும் நடத்தச் சொல்லியிருக்கீங்க.

வடமராட்சித் தம்பி, எங்க ஊர்ப் பரண்ல என்ன இருக்குன்னு விசாரிச்சேன். ரயில்வே டைம் டேபிளும் பஞ்சாங்கமும்தான். யோசிச்சிட்டிருக்கேன்.

நவம்பருக்கு ஹெட்மாஸ்டர் மேடை கேட்டார். நூலக ஹால்லயே, வாடகைச் சேர் இல்லாம, எட்டாம் வகுப்புப் பிள்ளைங்கள வச்சுன்னு பேசி முடிச்சிருக்கோம். பொன்னாடை ஒண்ணு. அது அவருக்கே.

ஒரு சந்தேகம் ஐயா. மேசையில எழுதின சாக்பீஸ் கணக்கு ஈரத்துணி போட்டும் சரியாப் போகல, நூலகர் முறைக்கறார். என்ன செய்ய?

குரூப்4_எட்டாவதுமுறை

அக்கா, ஏர் டு குழி எங்க கணக்குப் பாடத்துல கிடையாது. ஆனா எழுதி வச்சுக்கிட்டேன், வி.ஏ.ஓ. ஆனா ஆகும்.

ஓய்வு_நூலகன்

ஆய்வாளர் வாரதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சுப் பாருங்க, பழைய மர மேசைன்னா போயிரும். கணக்க ஒரு அட்டையில பெரிய எழுத்துல எழுதிப் பேப்பர் ஸ்டாண்டு பக்கத்துல கட்டுங்க. பாய் விரிக்கற விஷயத்துல, கூச்சமா இருந்தா அந்த மூணு தம்பிகள்ல ஒருத்தர வாசிக்கச் சொல்லுங்க. சுண்டல் அரை மணிக்குப் பிறகு.